ஹாரன் அண்ணன் தேடிய குடும்பப் பெயர்

சங்கராபுரம் தாலுகாவில் பெயர் இல்லாத மனிதர் என்று யாரும் கிடையாது. ஆனால் நல்லதாக ஒரு பெயரை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒட்ட இன்னொரு பெயர் கிடைக்காமல் மலைக்கும் கீழுக்குமாக ஒன்றரை மாதம் அலைந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஹாரன் அண்ணன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரிந்த விஷயம். இவர் ஜீப்பை விட்டு இறங்கிய பிறகும் அந்த விதியைக் கைவிடவில்லை. கடைவீதியில் நடந்து போனாலும் தெருமுனை வந்ததும் வாயாலேயே "பாம், பாம்" என்று கத்திவிட்டுத்தான் திரும்புவார். கோயிலில் பிராகாரம் சுற்றினால் நான்கு மூலைக்கும் நான்கு தடவை. ஒருமுறை அர்ச்சகர் பயந்துபோய் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தன்னுடைய கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றும்போதுகூட அடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவருடைய மனைவியிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அந்த அக்கா சிரித்தாரே தவிர இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று யார் எதற்கு வந்தாலும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். ஒருநாள் ஹாரன் அண்ணன் கடை முனையில் "பாம்" அடித்துவிட்டு உள்ளே வந்தார். பின்னால் அக்கா.

"பாப்பா, ரெண்டு பாஸ்போர்ட் போடணும். தேன்மொழி முழுவாம கீறா. ஆயி இல்லாம பெத்துக்க மாட்டேன்னு போன்ல அழுவுறா."

தேன்மொழி அவர்களுடைய ஒரே மகள். நர்ஸ் படித்துவிட்டு வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கணவனுக்கும் அங்கேயே வேலை. அவனுக்கு அம்மா கிடையாது, ஒத்தாசைக்கு வேறு ஆள் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் வந்து சேர வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. நான்கு வருஷமாக மகளைப் பார்க்காதவர்கள் இருவரும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். நானும் படபடவென்று அடித்து அனுப்பினேன்.

முதல் குழப்பம் போலீஸ் விசாரணையில் வந்தது. காகிதம் எடுத்துக் கொடுக்க நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஜீப்பைக் கழுவிக்கொண்டு வெளியே நின்றார். வந்த காவலர் அக்காவைப் பார்த்து, "உங்க வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்றார். அக்கா சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் கையால் காட்டினார். காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"சரிம்மா, பேரைச் சொல்லு."

மறுபடியும் காலண்டர். மறுபடியும் கும்பிடு. மூன்றாவது தடவை காவலருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நான் விசாரணைக்கு வந்தனா, கிருத்திகைக்கு வந்தனா?"

அக்கா கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொன்னதில்லை. கணவர் பெயர் மட்டுமில்லை, மாமனார் பெயர், கணவரின் அண்ணனான மூத்தார் பெயர், மாமனாரோடு பிறந்தவர்கள் பெயர் எதையும் சொல்ல மாட்டார். நான்தான் காவலரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முருகனுக்கு இருக்கிற பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்காவது பெயருக்கு அக்கா தலையாட்டினார். எந்தப் பெயர் என்று நான் எழுதப்போவதில்லை. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பெயரைப் பத்திரிகையில் போட்டு உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. அண்ணன் பஸ் ஸ்டாண்டு முழுக்க லட்டு கொடுத்தார். மறுநாள் கள்ளக்குறிச்சியில் டிக்கெட் போடும் ஏஜெண்ட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். ஒற்றைப் பெயரோடு போனால் அந்த ஊரில் இறங்க விட மாட்டார்களாம்.

தப்பு என்னுடையது. எங்கள் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று யாருக்கு இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும், அதற்குப் பிறகு நம் பெயர், அவ்வளவுதான். அதனால் அந்தக் கட்டம் வந்தாலே நான் தாண்டிப் போய்விடுவேன். அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. தேன்மொழிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரா இருந்தா சிக்கல் கம்மி. கெஜட்ல பேர் மாத்திட்டு, புது பாஸ்போர்ட்டுக்குப் போடுங்க" என்று ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இது ஒரு மேட்டரா? எங்க அப்பா பேரப் போட்டுடு பாப்பா" என்றார் அண்ணன்.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "அங்க போனா முழுப் பேரும் கேப்பாங்களா?"

"கேப்பாங்கக்கா."

"அப்போ மாமனார் பேர நான் வாயத் தொறந்து சொல்லணுமா? நான் வரல. இவரே போவட்டும்."

"நான் மட்டும் போயி இன்னாடி பண்றது? பிரசவ ரூம்பு வாசல்ல நின்னுக்கினு ஹாரன் அடிக்கறதா?"

சரி, அக்காவின் அப்பா பெயரை இருவரும் வைத்துக்கொள்ளலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "எங்க மாமனாரா? உசுரோட இருந்தப்போ என் ஜீப்புல பின்சீட்டுல ஒக்காந்துக்கினு, ஒனக்கு ஓட்டத் தெரியல, ஓட்டத் தெரியலன்னு சொல்லிக்கினே வந்த மனுசன். செத்த பெறவு என் பேருக்குப் பின்னாலயும் ஒக்காரணுமா?"

இப்படித்தான் தேடல் ஆரம்பமானது. அக்கா வாயால் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். அண்ணன் முதுகில் உட்காராத பெயராக இருக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

அண்ணன் ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். பிறந்த ஊர் பெயரை வை என்றார் ஒருவர். அவர் பிறந்தது களமருதூர், குடியிருப்பது சங்கராபுரம், நாளெல்லாம் கிடப்பது வெள்ளிமலை. எது என்று ஜீப்பில் இரண்டு கட்சி ஆகி, மலையேறும் வரை சண்டை ஓயவில்லை. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர், "எதுக்கு இம்மாம் கொழப்பம்? சாதிப் பேரப் பின்னால போட்டா முடிஞ்சிது" என்றார். அண்ணன் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினார்.

"எறங்குங்க. வண்டி ரிப்பேரு."

"இப்போ வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சி?"

"உங்களுக்கு மட்டும் ரிப்பேருங்க."

ஒரு பெயர் தோன்றினால் அதை ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனுடைய கொள்கை. அட்டையில் எழுதி, ஜீப் கண்ணாடியில் வெள்ளிமலை என்ற பலகைக்குப் பக்கத்தில் வைப்பார். முதல் பெயர் மாணிக்கம். அன்றைக்குப் பார்த்து சந்தை நாள். "வெள்ளிமலை, மாணிக்கம்" என்று படித்துவிட்டு ஒரு அம்மா இரண்டு கோழியோடு ஏறி உட்கார்ந்து, "மாணிக்கத்துல என்ன எறக்கி வுட்ருங்க" என்றார். அப்படி ஓர் ஊர் இல்லை என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். "ஊரு இல்லாமயா போர்டு வெச்சிக்கினு ஓட்டற?" என்று அந்த அம்மா இறங்க மறுத்துவிட்டார். சாயங்காலம் அக்கா அட்டையைப் பார்த்தார். மாணிக்கம் அவருடைய மூத்தார் பெயர்.

அடுத்து ராஜா. அது சின்ன மாமனார். அடுத்து வேலு. அது கணவர் பெயருக்குப் பக்கத்து வீடு என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கள்ளக்குறிச்சி ஜோசியர் ஒருவர் கட்டம் போட்டு ராசியான பெயர் என்று ஒன்றைக் கொடுத்தார். அது ஒன்றுவிட்ட பெரிய மாமனாராக இருந்தது. அக்கா புகுந்த வீட்டில் ஆண்கள் ஜாஸ்தி. உலகத்தில் உள்ள நல்ல பெயரையெல்லாம் அவர்கள் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பெயர் ஆகும், எந்தப் பெயர் ஆகாது என்று நான் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஆகாத பக்கம் நிரம்பி வழிந்தது. கடைக்கு வந்த யாருக்கோ இருப்பிடச் சான்றிதழ் விண்ணப்பத்தில் அந்தப் பெயர்களில் ஒன்றை அடித்துக் கொடுத்து வசவும் வாங்கினேன்.

ஆறாம் மாதம் முடியப் போகிறது. தேன்மொழியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அவள் கணவன் பெயர் இருந்தது. அவளோ போனில் அவனை அந்தப் பெயரைச் சொல்லியே நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கூப்பிடுவாள். அக்காவுக்கு அதில் ஒரு வருத்தம். ஆனால் ஒருநாள் என் கடையிலிருந்து பேசியபோது அவள் யாரையும் கூப்பிடவில்லை. "கால் வீங்கிக் கெடக்குதும்மா. எப்பம்மா வருவ?" என்று மட்டும் கேட்டாள். போனை வைத்துவிட்டு அண்ணன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. "அக்கா, ஒங்க வாயால சொல்ற பேரு இந்த ஒலகத்துல ஒண்ணுகூடவா இல்ல?" என்று கத்தினேன்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன் இல்ல? காலைல எழுந்தா, ராத்திரி படுத்தா, எம்பொண்ணு பேரத்தான சொல்லிக்கினு கீறேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பா பெயர் பிள்ளைக்கு வரும், அது தெரியும். பிள்ளை பெயர் அப்பாவுக்கு வருமா? வந்தால் சரியா, தப்பா? எனக்குத் தலை சுற்றியது. சுற்றிக்கொண்டே கெஜட் படிவத்தை அடித்தேன். இருவருக்கும் குடும்பப் பெயர், தேன்மொழி. பெயர் மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், "சொந்த விருப்பம்" என்று போட்டேன்.

சான்றொப்பம் வாங்க ஓர் அதிகாரியிடம் போனோம். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தேன்மொழிங்கறது யாரு? உங்க அம்மாவா?"

"எம்பொண்ணுங்க."

"பொண்ணு பேரை அப்பன் பின்னால போட்டுக்கறதா? அப்போ அவளுக்கு நீ அப்பனா, புள்ளையா? யாருக்கு யாரு வாரிசு? நான் எதுக்கய்யா கையெழுத்துப் போடறேன்?"

அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் இன்னொரு மாதம் போய்விடும். பிறகு போயும் பயனில்லை. அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

"சார், அந்தப் பேர அவளுக்கு வெச்சதே நான்தாங்க. நான் வெச்ச பேர நான் எடுத்து வெச்சிக்கினா இன்னாங்க தப்பு?"

அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். என்னைப் பார்த்து, "இதுல ஏதோ தப்பு இருக்குதும்மா. இன்னா தப்புன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கெஜட் வந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்த வாரத்தில் புது பாஸ்போர்ட்டும் வந்தது. அக்கா பத்து நாளாகத் தன் முழுப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். "அஞ்சலை தேன்மொழி, அஞ்சலை தேன்மொழி" என்று என் கடைக்கு வந்துகூட ஒப்பித்தார். இரண்டு பேரையும் ஊரே கூடி பஸ் ஏற்றி அனுப்பியது.

மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்தார். பேத்தி பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் நலம், இவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாளே வலி எடுத்துவிட்டதாம். பேச்சு அதோடு முடியவில்லை.

"பாப்பா, எறங்கனதும் கண்ணாடிக் கூண்டுல ஒருத்தன் நேம், நேம்ன்னான். ஒங்க அக்கா அவ பேர டக்குனு சொல்லிட்டா. அடுத்து நான். எம்பேரு வாயில வந்துச்சி. அதுக்குப் பின்னால புள்ள பேரு. அது வரல பாப்பா. புள்ளயப் பாத்து நாலு வருசம் ஆச்சில்ல. அவன் மொறைக்கறான், பின்னால கியூ நிக்கிது. கண்ணுல தண்ணி வெச்சிக்கினு நிக்கறேன்."

"அப்புறம் எப்படிண்ணே வெளிய வந்தீங்க?"

"ஒங்க அக்காதான் முன்னால வந்து சொன்னா. எம்பேரையும் சேத்து, முழுசா, சத்தமா சொன்னா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்படியென்றால் மாமனார் பெயரையே வைத்திருக்கலாமா? ஒன்றரை மாதம் எதற்காக அலைந்தோம்? அந்த நோட்டு எதற்கு? கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் குரல் தழுதழுத்தது.

"முப்பது வருசமா அவ வாயில எம்பேர நான் கேட்டதில்ல பாப்பா. இவ்ளோ நல்ல பேருன்னு எனக்கே தெரியாது."

போனை வைத்த பிறகு கடைக்கு வந்தவர்களைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.