பொட்டு வைத்த தகடு

பள்ளிக்கூட ஆய்வுக்கூட அறையைத் திறந்ததும் கெங்கம்மாள் கண்ணில் பட்டது தகடுதான். அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம்.

"பெரியதம்பி, இதுல யாரு பொட்டு வெச்சது?"

"நான்தாங்க டீச்சரம்மா," என்றான் பியூன் பெரியதம்பி. "ஆயுத பூசைக்குத் தராசுக்கு வெச்சேன், கத்திரிக்கோலுக்கு வெச்சேன். இதை மட்டும் உட்டுட்டா, அது என்ன பாவம் பண்ணிச்சு?"

கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கோடுகள் கீறிய உலோகத் தகடு அது. சன்னல் இடுக்கில் வரும் வெயில் அதன்மேல் பட்டால் நிறம் நிறமாகப் பிரியும். தகட்டைப் பெட்டிக்குள் வைத்து வெளியிலிருந்து குமிழைத் திருகினால், வேண்டிய நிறம் மட்டும் எதிரிலுள்ள பிளவு வழியாகச் சுவரில் விழும். மதராஸில் படித்தபோது பேராசிரியர் கொடுத்த பரிசு. யுத்த காலத்தில் இன்னொன்று சீமையிலிருந்து வரப்போவதில்லை.

பள்ளிகளின் இன்ஸ்பெக்டர் சீனுவாசன் விழுப்புரத்திலிருந்து இன்று காலை ரயிலில் திண்டிவனம் வருகிறார். பெட்டியைப் பார்க்கத்தான் வருகிறார். திருப்தி என்றால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஓமந்தூரில் அண்ணன் வீடு. அங்கே அவளுக்குச் சோறு உண்டு. அவளிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

ஈரத்துணியால் மெல்ல ஒற்றினாள். சந்தனம் கரைந்து கோடுகளுக்குள் இறங்கியது. தண்ணீர் ஊற்றினாள். குங்குமமும் பின்னாலேயே இறங்கியது. ஸ்பிரிட் வாங்கி வர அவள் ஓடினாள். திரும்பி வருவதற்குள், மனம் கேட்காமல், பெரியதம்பி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து முடித்திருந்தான்.

"பாருங்க டீச்சரம்மா, மூஞ்சியே தெரியுது."

தெரிந்தது. கோடுகள் போன இடத்தில் அவள் முகம் இருந்தது. இத்தனை நாளும் அந்தத் தகட்டில் தன் முகத்தைத் தேடியதே இல்லை என்று அப்போதுதான் நினைத்தாள். தன்னை மறந்திருக்க அவளுக்கு வாய்த்த ஒரே இடம் அது. திட்டுவதற்கு வாயெடுத்தவள், அவன் விரல்களெல்லாம் சிவந்து கிடப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பூசைக்குக் கட்டிய வண்ணக் காகிதத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தாள். வெளிச்சம் ஊடுருவத் தேங்காயெண்ணெய் தடவி, வட்டமாக வெட்டிய அட்டையின் ஓட்டைகளில் நிறத்துக்கு ஒன்றாக ஒட்டினாள். தகடு இருந்த இடத்தில், குமிழின் தண்டில் அட்டையைச் செருகினாள். குமிழைத் திருகினால் காகிதம் மாறும், நிறமும் மாறும். சுவருக்கு இது தெரியவா போகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்ல வேண்டியிருந்ததே உறுத்தியது. ஒருமுறை திருகிப் பார்க்கலாம் என்று கை வைத்தபோது வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். மாணவிகள் சுவரோரம் நின்றார்கள். குமிழைச் சுற்றி நிறங்களின் பெயர்கள் எழுதியிருந்தன. அவர் குனிந்து படித்து, 'சிவப்பு' என்ற இடத்துக்குத் திருகினார்.

சுவரில் பச்சை விழுந்தது.

அட்டையை முன்பின்னாகச் செருகியிருக்கிறோம் என்பது கெங்கம்மாளுக்குப் புரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். இன்ஸ்பெக்டர் சுவரையே சற்று நேரம் பார்த்தார்.

"பேஷ்," என்றார். "நல்ல சிவப்பு."

மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் காது சூடேறியது. பிள்ளைகள் முன்னால் தன்னை அவமானப்படுத்த வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கிறார் போலும். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை. ஓமந்தூர் வீட்டின் அடுப்படி ஒரு கணம் மனதில் வந்தது. வந்தாலும் வாய் திறந்துகொண்டது.

"சார், அது சிவப்பு இல்லைங்க. பச்சை."

மீதியையும் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் இன்ஸ்பெக்டரின் கை குமிழிலிருந்து சட்டென்று விலகியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். போதும் என்று முணுமுணுத்துவிட்டு, தலைமையாசிரியை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடன் வந்திருந்த ஆபீஸ் சேவகர், டபேதார் அப்பாதுரையும் பின்னாலேயே போனார்.

கெங்கம்மாள் அட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். அவளோ ஓமந்தூருக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டாள்.

"நான் வேணா ஐயா கால்ல உழுந்து, பொட்டு வெச்சது நான்தான்னு சொல்லட்டுங்களா?" என்றான் பெரியதம்பி.

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். கதவு திறந்தது. அப்பாதுரை மட்டும் வெளியே வந்தார். வராந்தாவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வேலை நிரந்தரம்னு கையெழுத்துப் போட்டுட்டாரும்மா, ஐயாவுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும்னு மட்டும் மேலிடத்துல சொல்லிடாதீங்களாம்."