மாமனார் கழுத்தும் என் முதுகெலும்பும்

முதுகுவலி வந்தவனை நம்பலாம். முதுகுவலி வந்து, குணமாகி, அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவனை மட்டும் நம்பவே கூடாது. நான் அந்த இரண்டாவது ரகம்.

கம்பத்தில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து செல்போன் பார்ப்பதைத்தான் வெளியில் 'வியாபாரம்' என்று சொல்லிக்கொள்வேன். சில வருடங்களுக்கு முன் அந்த வியாபாரத்தின் லாபமாக இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு வந்தது. அதே செல்போனில், வெள்ளைக்காரர்களைக் குப்புறப் போட்டு முறுக்கி, அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரவழைக்கும் வீடியோக்கள் ஓடின. முறுக்கப்பட்டவர்கள் எழுந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்கும் அப்படி அழ வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

தேனியில் முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். போனதும் முறுக்குவார் என்று பார்த்தால், மனுஷன் கேள்வியாகக் கேட்டார். கால் மரத்துப்போகிறதா, எங்காவது விழுந்தீர்களா, சுகர் உண்டா, எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள், தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா. (என் கல்யாணத்தின்போது பெண் வீட்டார்கூட இத்தனை விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.) கடைசியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாக ஓர் அழுத்து. 'சடக்' என்றது.

"எலும்பு எடத்துல போய் உக்காந்துருச்சா டாக்டர்?"

"எலும்பு எங்கயும் போகலைங்க, திரும்ப வந்து உக்கார்றதுக்கு. அது மூட்டுக்குள்ள இருக்கிற காத்து பிரியிற சத்தம். சத்தத்துக்கும் குணமாகுறதுக்கும் சம்பந்தமில்ல. அப்பப்ப எந்திரிச்சு நடங்க. நான் சொல்லித் தர்ற பயிற்சிய விடாம செய்யுங்க. அதுதான் வைத்தியம்."

பயிற்சியைத் திரும்பி வந்த பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். சத்தத்தை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த வாரமே என் கடை ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. குழாய் வாங்க வந்த விவசாயிகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். நம் ஆட்களுக்கு டாக்டரைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கத் தைரியம் உண்டு.

"முறுக்கும்போது எலும்பு ஒடிஞ்சுராதா?"

"ஒடியிறதுக்கு அது என்ன பிவிசி பைப்பா?"

"ஒருக்க போனா ஆயுசுக்கும் போய்க்கிட்டே இருக்கணும்னு சொல்றாகளே?"

"அதெல்லாம் தெரியாதவுக சொல்றது."

"இது கேரளாவுல எண்ணெ போட்டு உருவிவிடுற திருமல் மாதிரியா?"

"அது வேற. இது விஞ்ஞானம்." (எட்டாம் வகுப்பில் விஞ்ஞானத்தில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த என் அப்பா, அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.)

இப்படியாக என் புகழ் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், என் மைத்துனி செல்விக்கு நிச்சயம் வைத்தார்கள். மாமனார் வீடு காமயகவுண்டன்பட்டி. மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம். அதிகம் பேச மாட்டார். மாப்பிள்ளை வீடு வருசநாடு. ரொம்ப நாள் தேடி அமைந்த சம்பந்தம். மாப்பிள்ளையின் அப்பாவைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு இருந்தது. வாசலில் சரியாக வரவேற்கவில்லை என்று ஏற்கெனவே ஒரு வீட்டில் காரைத் திருப்பிக்கொண்டு போனவராம். அதனால் அவரை வாசலில் நின்று வரவேற்கிற பொறுப்பை மூத்த மாப்பிள்ளையான என்னிடம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் வேறு நல்ல ஆள் இல்லாத குறைதான்.

நிச்சயத்தன்று காலையில் மாமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல், லாரி திரும்புவது மாதிரி முழு உடம்போடும் திரும்பினார். அத்தை எண்ணெய் காய்ச்சப் போனார்.

"எண்ணெயெல்லாம் எதுக்கு அத்தை? நான் இருக்கேன்ல," என்றேன்.

என் மனைவி மகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, கடைக்கு வர்றவுக எல்லாருக்கும் வைத்தியம் சொல்றது போதாதா? அப்பாவ விட்டுருங்க."

"கழுத்து வலிக்கு மூலமே முதுகுதான். உனக்கு அது தெரியாது."

எனக்கும் தெரியாது. வீடியோவில் ஒருவன் சொன்னான். மாமாவை ஹாலில் கிடந்த பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தேன். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் வைத்து, "மூச்ச வெளிய விடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு முழுப் பலத்தையும் இறக்கினேன்.

'சடக்.'

அடுப்படியில் இருந்தவர்களுக்கே கேட்டது. எனக்கு நெஞ்சு விம்மியது.

"கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு மாப்பிள்ளை," என்றார் பெஞ்சில் முகம் புதைந்த மாமா. "ஆனா என்கிட்ட இருந்து வரல போலயே."

அவர் சொன்னது சரி. என் இடுப்பிலிருந்து வந்திருந்தது. நிமிரப் பார்த்தேன், நிமிர முடியவில்லை. வீடியோவில் பார்த்த அந்த அழுகை இப்போது தானாகவே வந்தது. நான் மேலேயே கவிழ்ந்து கிடந்ததால் மாமாவாலும் எழுந்திருக்க முடியவில்லை. மகாவும் அத்தையும் என்னை உருட்டி இறக்கிக் காலில் நிறுத்தினார்கள். கால் நின்றது. இடுப்புக்கு மேல் உள்ள பகுதி தரைக்குச் சமமாக நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹாரன்.

"சம்பந்தகாரக வந்துட்டாக," என்றார் அத்தை, அழுகிற குரலில்.

வேறு வழியில்லை. சந்தனக் கிண்ணத்தைக் கையில் திணித்து என்னை வாசலுக்குத் தள்ளினாள் மகா. எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புகள்தான். அதில் பெரிய செருப்பைப் பார்த்து, "வாங்க, வாங்க," என்று கிண்ணத்தோடு சேர்த்தே கை கூப்பினேன்.

மாப்பிள்ளையின் அப்பா உருகிவிட்டார். "அடடா, என்ன தம்பி இது. இம்புட்டு மரியாதை எங்க சாதிசனமே எனக்குக் குடுத்ததில்ல. போதும், நிமிருங்க."

நான் நிமிரவில்லை. அவர் இன்னும் உருகினார்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நான் அப்படியே நின்றபோதுதான் உருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகமானது. பக்கத்தில் மாமா, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார். மாப்பிள்ளையின் அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாராம்; பிறகு எங்கள் அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தாயி, உங்க குடும்பத்துல ஆம்பளைகளுக்கெல்லாம் முதுகெலும்புக் கோளாறு எதுவும் இருக்கா? பொறக்குற பிள்ளைகளுக்கும் வருமோ?"

ஒரு கல்யாணம் என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் பாதங்களை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அவை ஓர் அடி பின்னால் நகர்ந்தன.

அறைக்குள்ளிருந்து பட்டுப்புடவையோடு செல்வியே வெளியில் வந்துவிட்டாள்.

"வியாதியெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. எங்கப்பாவுக்குச் சுளுக்கு. அதை எடுக்கிறேன்னு அத்தான் வீடியோ பாத்து டாக்டர் வேலை பாத்தாக. அவுக இடுப்பு போயிருச்சு. அத்தான் எங்க ரத்தமும் இல்ல. அவுக கம்பத்து ஆளு."

என்னைக் குடும்பத்திலிருந்தே விலக்கிவைத்துவிட்டாள். முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பையன். பிறகு அவன் அப்பா. சிரித்து முடித்து, என் பக்கம் குனிந்து, ரகசியமாக, "தம்பி, எனக்கும் இங்கன ஒரு பிடிப்பு இருக்கு. இதுக்கு என்ன செய்யலாம்?" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைப் பாருங்க."

நிச்சயம் நடந்தது. மாமாவின் கழுத்து, அத்தையின் எண்ணெயில் இரண்டொரு நாளில் சரியானது. என்னைக் காரின் பின் சீட்டில் மூட்டையாகப் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என்னைத் தொடவே இல்லை. தசை பிடித்திருக்கிறது, இப்போது அழுத்தவே கூடாது, எலும்பு டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஓய்வெடுங்கள் என்றார். "பயிற்சி செஞ்சீங்களா?" என்று கேட்டார். மகா எனக்குப் பதிலாகச் சிரித்தாள்.

போன வருடம் வருசநாட்டுப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், எதிரே யாரோ ஒரு பெரிய மனிதருக்கு ஒருவன் விழுந்து விழுந்து வணக்கம் போடுவதைப் பார்த்து, "பெரிய மாப்பிள்ளை கும்பிடு போடுறான் பாருங்க," என்றார்.

"அப்படின்னா?"

"எங்க பக்கம் சொல்றதுதான். கம்பத்துல ஒருத்தர் இருந்தாராம். சம்பந்திக்குக் கும்பிடு போடக் குனிஞ்சவரு, கடைசி வரைக்கும் நிமிரவே இல்லையாம். பாவம், அப்படியே போய்ச் சேந்துட்டாராம்."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பாயசம் வாங்கிக்கொண்டேன்.