கடுகு வாத்தியாருக்குக் கிடைத்த மேற்கோள்

வேதாகமத்தை ஆராய்ந்தவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கடுகுச் செடிக்கு எதிரே நாற்காலி போட்டு, குருவி வந்து உட்காருகிறதா என்று காத்திருந்தவர் திண்டிவனத்துக் கடுகு வாத்தியார் ஒருவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்துவார். கடுகு மரமாகி, அதன் கிளைகளில் பறவைகள் தங்கும் என்று வேதாகமத்தில் ஓர் உவமை உண்டு. அதைக் கொல்லையில் விதைத்துப் பார்த்தார். மார்கழி முழுக்க உட்கார்ந்திருந்தார். ஓணான் வந்தது, குருவி வரவில்லை. வரவில்லை என்பதை இருபத்திரண்டு பக்கம் எழுதி ஒரு சபைப் பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்து, வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசிக்கு ஒரே இரவில் வளர்ந்து நிழல் தந்த ஆமணக்கு கோலியனூரில் ஓர் இரவுக்கு எத்தனை அங்குலம் வளரும் என்று இஞ்சு டேப்போடு கிளம்பினார். இப்படிப் பதினான்கு கட்டுரைகள். அவற்றை மேற்கோள் காட்டியவர் ஒரே ஒருவர்: அவரே.

அதுதான் வினையாயிற்று. வெளியூர் இறையியல் கல்லூரி ஒன்று ஆசிரியர் தேடியது. அங்கே ஓர் அறை நிறைய எபிரேய நூல்கள். வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. விண்ணப்பித்தார். "உங்கள் ஆய்வை வேறு யாராவது மேற்கோள் காட்டியிருந்தால் ஒன்றாவது காட்டுங்கள்" என்று பதில் வந்தது.

உடனே தெரிந்த அறிஞர்களுக்கெல்லாம் ரிப்ளை கார்டு போட்டார். 'என்னை எங்கேனும் மேற்கோள் காட்டியதுண்டா? உண்டு, இல்லை, ஒன்றை டிக் அடிக்கவும்.' பதில்களைத் தபால்காரர் தெருமுனையிலேயே அறிவித்துவிடுவார்.

"சாரே, இன்னிக்கி மூணு. மூணு பேருமே இல்லைன்னுதான் அட்ச்சிக்கிறாங்க!"

"கார்டை நீ ஏன்யா படிக்கிற?"

"கார்டுன்னா கண்ணுல படத்தானே சாரே செய்யும்? விடுங்க, நாளைக்கி வரும்."

பாஸ்டர் மனமிரங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், "நம் கடுகு வாத்தியார் கண்டறிந்தபடி" என்றார். வாத்தியார் சபை நடுவே எழுந்து நின்றார். "பாஸ்டர், அதை அச்சுல போடுவீங்களா?"

அப்போது நான் விழுப்புரத்து மாத இதழ் ஒன்றில் ஊர் வரலாற்றுத் துணுக்குகள் எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் செக்குகளைப் பற்றிய துணுக்கில் கடுகுச் செடியின் உயரத்தை இழுத்து, அடியில் வாத்தியாரின் கட்டுரையைப் பக்க எண்ணோடு சேர்த்தேன். இதழை அவர் கையில் கொடுத்தபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்லூரி முதல்வர் ரயிலில் போகும்போது விழுப்புரம் ஜங்ஷனில் சந்திப்பதாக ஏற்பாடு. அது ஒரு வியாழக்கிழமை. என் நாட்குறிப்பில் இருக்கிறது. நானும் துணைக்குப் போனேன். எஞ்சின் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்குள் முதல்வர் ஜன்னல் வழியே இதழை வாங்கிப் பார்த்து, "ரொம்ப சந்தோஷம். இது போதுமே" என்றார்.

"போதாதுங்க ஐயா" என்றார் வாத்தியார். "பக்கம் பதினாலுன்னு இவரு போட்டுக்கிறாரு. கடுகோட உயரம் பதினேழுல இருக்குது. பதினாலுல ஓணான்."

"சின்னப் பிழைதானே?"

"படிச்சிருந்தா இந்தப் பிழை வராதுங்க. படிக்காம காட்டுனத மேற்கோள்னு எப்டிங்க ஒத்துக்கறது?"

நான் அவர் பக்கத்திலேயேதான் நின்றேன். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினைப் பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது, வேலையும் அதோடு போனது.

திரும்பி வரும்போது மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டே அவர் என்னைத் தேற்றினார். "பேஜாராவாத சார். நீ பிரியமாத்தான் செஞ்ச. ஊட்டுக்கு வா, தர்றேன், படி."

அன்று சாயங்காலமே வாங்கிப் படித்தேன். பிறகு மற்ற பதின்மூன்றையும் படித்தேன். எல்லாவற்றையும் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு ஒருவன் போதாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.