பழுதே இல்லாத பெட்டி

முதல் சொந்தக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் ஒரு புதுச் சாமான் வந்தால் அது முதலில் அவர் கையில் இருக்கவேண்டும். இருந்தால் போதாது, இருப்பது ஊருக்குத் தெரியவேண்டும். தெரிந்தாலும் போதாது, அந்தச் சாமானைச் செய்தவர்கள் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள் என்று நாலு பேர் நம்பவேண்டும். அதற்குப் பிறகு அது வேலை செய்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயம். அவருடைய சாமான் எதுவும் பழுதாவதில்லை. பாவிக்கிறவனுக்குத்தான் பாவிக்கத் தெரியாது.

பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற அரியாலைச் சங்கக்கடையின் மனேச்சர் பஞ்சலிங்கம் இந்த இனத்தின் நல்ல விளைச்சல். பொத்தானை அமத்தினால் தானே விரிகிற குடையை ஊரில் முதலில் பிடித்தவர் அவர். அது ஒரு செத்தவீட்டில், ஒருவரும் அமத்தாமலே படீரென்று விரிந்து, பிறகு மடங்க மாட்டேன் என்று நின்றது. மழை வரப்போவது அதற்கு முன்கூட்டியே தெரியும் என்று விளக்கம் சொன்னார் பஞ்சலிங்கத்தார். சுடுகிற வெயிலில் அதை விரித்தபடியே வீடுவரை கொண்டுபோனார்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அவருக்குக் கெட்ட காலம். கறண்ட் போனது. பற்றரி குடாநாட்டுக்குள் வரத் தடை. சவர்க்காரமும் மண்ணெண்ணெயுமே அருமையாகிவிட்ட ஊரில் புதுச் சாமானுக்கு எங்கே போவது? மனிதர் மெலிந்தே போனார். தொண்ணூற்று மூன்றில்தான் அவருக்கு விடிந்தது.

ஜேர்மனியில் இருந்த அவருடைய மைத்துனர் நடராசா, கொழும்புக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். தரைப்பாதை மூடிக்கிடந்ததால், அதை இரவில் வள்ளமேறிக் கிளாலிக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவள் குணலட்சுமி. பஞ்சலிங்கத்தாரின் மனைவி கனகாம்பிகைக்குச் சித்தி மகள், கொழும்பில் வேலை. தாயின் திவசத்துக்காக வட்டுக்கோட்டைக்குப் போகிற வழியில், வாசல் படலையில் நின்றபடியே பார்சலை நீட்டினாள். சேலைக்குள் சுற்றிய ஒரு சாம்பல் நிறப் பெட்டி, பால்மா ரின்னுக்குள் புதைத்துக் கொண்டுவந்த நாலு பற்றரி. அக்காவுக்குப் பொழுதுபோகட்டும் என்று நடராசாண்ணை தந்தவர் என்றும் சொன்னாள். அக்கா அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். சந்தையிலிருந்து திரும்பியவளுக்குக் கிடைத்த செய்தி வேறு: "உம்மடை தம்பி எனக்கொரு கேம் அனுப்பியிருக்கிறான்."

உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி. சின்னத் திரை. மேலேயிருந்து கட்டை கட்டையாக விழும். இடைவெளி விடாமல் அடுக்கினால் வரிசை மறையும், புள்ளி ஏறும். அவ்வளவுதான். ஆனால் முதல் சொந்தக்காரர் கையில் அவ்வளவுதான் என்று ஒன்று உண்டா? பார்க்க வந்தவர்கள் கை கழுவிவிட்டு வந்தார்கள். தொடுவதற்காக அல்ல, கிட்ட நிற்பதற்காக. ஒருவர் தும்மினார், அதோடு அவருக்கு அழைப்பே இல்லை.

திரைக்குள் வெளிச்சம் கிடையாது. ஆகவே பஞ்சலிங்கத்தார் முற்றத்து வெயிலுக்குள் கதிரை போட்டு, வேர்வை மூக்கு நுனியில் தொங்க விளையாடினார். சங்கக்கடையில் அவருக்குக் கீழே வேலை செய்கிற, பக்கத்து வீட்டுச் செபநாயகம் மதிலுக்கு மேலால் கேட்டார்:

"ஏனண்ணை உந்த வெயிலுக்கை இருக்கிறியள்? விறாந்தைக்கு வாங்கோவன்."

"உது நிழலிலை தெரியாது. கண் கெடக்கூடாது எண்டுதான் உப்பிடிச் செய்திருக்கினம்."

திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு செத்துக் கிடந்தது. அது கட்டை நேராக விழுகிறதா என்று அளவு பார்க்கிறதற்காம். இடப்பக்கப் பொத்தான் அமத்தினால் திரும்பி எழும்பாது. அது அவசரக்காரருக்குப் பொறுமை பழக்குகிறதாம். சத்தம் சில நேரம் கரகரத்தது. பக்கத்துக் கொழும்புத்துறைக் கடலின் உப்புக் காற்றுத்தான் அதற்குக் காரணம். பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

பற்றரிகள் ஒரு கிழமையோடு செத்தன. வெயிலில் காயப்போட்டார், கொஞ்சம் உயிர் வந்தது. அடுப்பங்கரையில் சூடு காட்டினார், ஒன்று கக்கிவிட்டது. பிறகு அவருடைய கண் றேடியோவின் மேல் விழுந்தது.

அந்த றேடியோ அந்தக் குச்சொழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் பொது. பின்னேரம் அயலவர்கள் அவர் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செபநாயகம் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து ஒரு வயர் போய் றேடியோவைக் கதைக்க வைக்கும். கடலில் என்ன நடந்தது, பாதை திறந்ததா என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியும். பஞ்சலிங்கத்தார் அந்த வயரை றேடியோப் பக்கத்தில் நறுக்கிக் கேமோடு முறுக்கிக் கட்டினார். திரை விழித்தது. செபநாயகம் மெதுவாகச் சுற்றினால் மங்கும், வேகமாகச் சுற்றினால் கறுக்கும். மனேச்சர் சொல்லிவிட்டார் என்பதற்காக, அந்த மனுசன் இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று பஞ்சலிங்கத்தாருக்கு நல்ல நாள். இதுவரை எட்டாத புள்ளி. ஆனால் ஒன்று: நிறுத்தினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். அதையும் அவர் குறையென்று சொன்னதில்லை. மனிதனுக்குப் பற்று அறவேண்டும் என்பதற்காக என்றுதான் சொல்லிவந்தார். அன்று மட்டும் அவருக்குப் பற்று அறவில்லை.

அந்த நேரம் கனகாம்பிகை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பின்னால் அயலவர்கள். முதல்நாள் இரவு கிளாலிக் கடலில் வெடிச்சத்தம் கேட்டதாம், வள்ளங்கள் அடிபட்டதாம் என்று சந்தையில் கதை. திவசம் முடித்துக் கொழும்புக்குத் திரும்பிய குணலட்சுமி அந்த இரவுதான் கிளாலிக்குப் போனவள்.

"றேடியோவைப் போடுங்கோ" என்றாள். பிறகு வயர் போகிற வழியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறும். இப்ப நிப்பாட்டினா எடுத்த புள்ளியெல்லாம் அழிஞ்சுபோம்."

கனகாம்பிகை சத்தம் போடவில்லை. "அவள் வள்ளம் ஏறினவள்" என்றாள். அவ்வளவுதான்.

தான் சொன்னது என்னவென்று பஞ்சலிங்கத்தாருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. செபநாயகம் பெடலை விட்டுவிட்டார். திரை மங்கி அணைந்தது. பஞ்சலிங்கத்தார் வயரைப் பிரித்தார். முறுக்கு இறுகிப்போயிருந்தது, கடைசியில் பல்லால் கடித்து இழுத்தார். றேடியோவில் மாட்டிவிட்டு, செபநாயகத்தை விலக்கித் தானே குந்தியிருந்து சுற்றினார். றேடியோ வெடிச்சத்தம் உண்மையென்றது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குச் சொன்னது. பெயர் ஒன்றும் சொல்லவில்லை. செய்தி முடிந்து பாட்டுப் போனபிறகும் அவர் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் குணலட்சுமி வந்து சேர்ந்தாள். சேலை இடுப்பளவு உப்பேறிக் காய்ந்திருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. அவளுடைய வள்ளம் பாதியில் திரும்பிவிட்டது. முன்னால் போன வள்ளம் திரும்பவில்லை. கனகாம்பிகை அவளைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துத் தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பை பாதியான பிறகு, வேறென்ன கதைப்பது என்று தெரியாமல் குணலட்சுமி கேட்டாள்:

"அக்கா, அந்தக் கேம் விளையாடுறனீங்களோ? உங்களுக்கெண்டுதான் அண்ணை சொல்லிச் சொல்லித் தந்துவிட்டவர்."

செபநாயகம் மதிலுக்கு அப்பால் குனிந்துகொண்டார். பஞ்சலிங்கத்தார் கூரையில் ஏதோ ஓடு விலகியிருப்பதைக் கண்டுபிடித்து அதையே பார்த்தார்.

"தாங்கோ, பாப்பம்" என்று கனகாம்பிகை கையை நீட்டினாள்.

அன்றிலிருந்து செய்தி முடிந்ததும் வயர் கேமுக்கு மாறும். கனகாம்பிகை கதிரையில் சாய்ந்திருந்து கட்டை அடுக்குவாள். செத்த கோட்டையும் எழும்பாத பொத்தானையும் அவள் இரண்டாம் நாளே சமாளித்துவிட்டாள். "உது பழுது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு விளையாடினாள். அவளுடைய புள்ளி கணவருடையதைத் தாண்டிப் போனது. பெடல் சுற்றுகிறவர் பஞ்சலிங்கத்தார். வேர்வை வழியச் சுற்றிக்கொண்டே, வந்து பார்க்கிறவர்களுக்கு அவர் மெல்லிய குரலில் விளக்கினார்: "கட்டை விழுறது அவவின்ரை கையிலை இல்லை. நான் சுத்திற அளவிலைதான் இருக்கு."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் வீட்டுக்கு அண்மையில் வந்த ஏதோவொன்று நினைவுக்கு வந்து, 'அது வேறை, அது உண்மையிலேயே நல்ல சாமான்' என்று மனதுக்குள் ஒரு விளக்கம் தொடங்கினீர்களே, அதை யாருக்குச் சொல்லப்போகிறீர்கள்?