தாத்தா இரண்டு வயதில் இறந்துபோன விவகாரம்

பார்ஸ்லி கிரீன்,
நார்ஃபோக்.
மார்ச் 9

மதிப்பிற்குரிய ஹெஸ்டர் அக்காவுக்குத் தம்பி ஆம்புரோஸ் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருமாதிரி நலம். அங்கே உன் நலமும் கோழிகளின் நலமும் அறிய ஆவல்.

விஷயம் இதுதான். நம் ஊர்ச் சர்ச் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டதால் மூடிவிட்டார்கள். கொள்ளுத்தாத்தா ஒபதியாவின் வாரிசுகளுக்கென்று குடும்ப மனையில் ஒரே ஓர் இடம் மிச்சம். என் வீட்டுக்காரி மாட் ஆறு வருஷமாக அங்கேதான் கிடக்கிறாள். அவள் பக்கத்தில் நான் படுக்கவேண்டும், வேறு ஆசை எனக்கில்லை. புதிதாக வந்த பாதிரியம்மா, வாரிசு என்று நிரூபிக்கச் சொன்னார். அதற்கென்ன என்று குடும்ப பைபிளைத் தூக்கிக்கொண்டு போனேன். முன்பக்கத்தில் பதினாலு பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதே, நம் தாத்தா வால்டர் ஒன்பதாவதாக! பாதிரியம்மா அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தாத்தா 1871லயே, ரெண்டு வயசுல போயிட்டாரே ஆம்புரோஸ்!"

"அப்ப எங்கப்பா என்ன, ஆகாசத்துலேருந்தா குதிச்சாரு?"

"எனக்கென்னங்க தெரியும், ஏட்டுல அப்படித்தான் இருக்கு."

மூணு மாசம் நாயாய் அலைந்தேன் அக்கா. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பார்களாம் அந்தக் காலத்தில். பைபிளிலும் பழைய வரியையே விட்டுவிட்டார்கள். ஆக, நம் தாத்தா இரண்டாவது வால்டர். சரி, அவருக்கு ஞானஸ்நானப் பதிவு எங்கே? மற்ற பதிமூணு பேருக்கும் இருக்கிறது, அவருக்கு மட்டும் இல்லை. கடைசியில் பண்ணைவீட்டு அலமாரித் தாளுக்கு அடியில் கொள்ளுப்பாட்டி தன் தங்கைக்கு எழுதிப் போடாமல் விட்ட கடிதம் அகப்பட்டது. 'வால்டர்ங்கற பேருக்குத்தான் ஒருதரம் தண்ணி தெளிச்சாச்சே, அறுவடை நேரத்துல இன்னொருதரம் எதுக்குடி?' என்று எழுதியிருக்கிறாள் மகராசி! வேலையாட்களோடு இருபத்துமூணு பேருக்கு ரொட்டி சுட்டவளைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் கடிதத்தையும், 1881 மக்கள்தொகைக் கணக்கில் 'வால்டர், வயது ஒன்பது' என்றிருந்த வரியையும் காட்டினேன். "சரிதான், நீங்க வாரிசுதான்" என்று பாதிரியம்மா கைகுலுக்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடவுள் உனக்குத் தீர்க்காயுசைக் கொடுக்கட்டும். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
ஆம்புரோஸ் திர்க்கெட்டில்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாதிரியம்மா வந்து நின்றார். வாரிசுகள் பலர் இருந்தால் மூத்தவருக்குத்தான் அந்த இடமாம். பெரியப்பா மகளான நீ என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள். நான் தேடியலைந்த ஆதாரமெல்லாம் இப்போது உனக்குத்தான் உதவும். அக்கா, மலர்க் கண்காட்சியில் உன் பிளம் ஜாமைச் சுவர்த்தாள் ஒட்டும் பசை என்று சொன்னது யாரென்று இத்தனை வருஷமாகக் கேட்கிறாயே, அது மாட்தான். அவள் பக்கத்திலா படுக்கப்போகிறாய்? விட்டுக்கொடுக்கும் தாளை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாற்பத்தேழு வருஷம் அவள் பேச்சைக் கேட்டுப் பழகியவன் நான்தான்.