லோங்காங்கைப் பற்றிப் பேசிய இருவர்

"நீங்கள் இன்னும் எந்த ஆவணத்தையும் சேர்க்கவில்லை" என்று கைப்பேசி மறுபடியும் எழுதிக் காட்டியது.

பச்சையப்பன் மகளை அழைத்தார்.

"ஷாமினி, நீ போன்ல போட்டுக் குடுத்த ஆப்பு ஒண்ணுமே தெரியாதுங்குதே லா."

"அப்பா, அது சும்மா பதில் சொல்லாது. நீங்க குடுக்குறதைப் படிச்சுட்டுத்தான் பேசும். லோங்காங் சம்பந்தமா இருக்குற எல்லாத்தையும் படம் புடிச்சுப் போடுங்க. மீட்டிங் இருக்கு, வச்சிடுறேன்."

ஜொகூரிலிருந்து வரும் குரல் எப்போதும் ஒரு மீட்டிங்கில்தான் முடியும்.

ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. மழை பெய்தால் பின்புற வடிகாலான லோங்காங் அடைத்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் சமையலறை வரை வந்துவிடும். அதைப் பற்றிக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசப் பச்சையப்பனைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். பத்து காஜா நகர ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியும் போய்விட்டாள், நேரம் நிறைய இருக்கிறது என்பதுதான் அவருடைய தகுதி.

புகார்க் கடிதங்களையெல்லாம் படமெடுத்துப் போட்டார். பிறகு ஏதோ ஒரு பட்டனில் விரல் பட்டது. சற்று நேரத்தில் கைப்பேசிக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அந்தக் கடிதங்களைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள்.

"வணக்கம்! இன்று நாம் பேசப்போவது ஒரு வடிகாலைப் பற்றி."

"அடேயப்பா! ஒரு வடிகாலுக்குள் இவ்வளவு சோகமா?"

பச்சையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைத் தனக்கு எதிரே சாய்த்து வைத்தார்.

"வீட்டுக்கு ஆளு வந்திருக்காங்களாண்ணே?" கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுக் குமுதா நின்றாள்.

போன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாம்மா. சொந்தக்காரங்க. சித்தியவான்ல இருந்து."

மறுநாள் காலை எதிர்வீட்டிலிருந்து மூன்று பேருக்குத் தோசை வந்தது. திருப்பி அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றையும் அவரே தின்று தீர்த்தார்.

சாயங்காலம் பாத்திரத்தைக் கொடுக்கும்போது, "அவங்க கிளம்பிட்டாங்கம்மா" என்றார்.

உள்ளே அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள்.

"இன்னும் போகலையே லா" என்றாள் குமுதா.

"கிளம்பினாங்க. மழை மாதிரி இருக்கேன்னு உக்காந்துட்டாங்க."

குமுதா வானத்தைப் பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சத்தத்தைக் குறைத்து வைத்தார். "ஏண்ணே, பேச்சே காணோம்? புருஷன் பொண்டாட்டி சண்டையா?" என்று கேட்டு, சமாதானத்துக்கு ஒரு சட்டி மீஹூன் சேமியா கொடுத்துவிட்டுப் போனாள் குமுதா. இயர்போனைக் காதுக்குள் மாட்டிக் கேட்கலாம் என்று வாசலில் உட்கார்ந்தார். தனியாகச் சிரிக்கும் மனிதரைத் தாமான் முழுக்க நின்று பார்த்தது.

அன்று ஷாமினியே அழைத்தாள். அது அபூர்வம்.

"அப்பா, வீட்டுல யாரோ பொம்பளை இருக்காங்களாமே? தாமான் வாட்சாப் குரூப்புல பேசிக்கிறாங்க!"

"அது வந்து..."

"போன்ல வேணாம். சனிக்கிழமை நேர்ல வாரேன்."

தீபாவளிக்குக்கூட வராத பிள்ளை. உண்மையைச் சொன்னால் வரமாட்டாள்.

"வாம்மா" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை குமுதா கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். ஒரு கையில் பெரிய தூக்குச் சட்டி, மறு கையில் தட்டு.

"இன்னிக்கு நானும் அவங்களோட உக்காந்து சாப்பிடப் போறேண்ணே."

அவர் தடுப்பதற்குள் மேசைக்கு வந்துவிட்டாள். அங்கே கைப்பேசி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது: "இத்தனை புகார்களுக்கும் பதிலில்லாத இந்த மௌனத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்வது?"

பச்சையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "யாரும் வரலம்மா. போன்தான் பேசுது. ஒண்டியா இருக்க ஒரு மாதிரி இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடு. சாப்பாட்டை எடுத்துக்கிட்டுப் போயிடு."

குமுதா சட்டியை மேசையில் வைத்தாள். தட்டையும் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முத நாளே தெரியும்ணே. மகன் பினாங்குக்குப் போனதுல இருந்து எங்க வீட்டு போன்லயும் இதே ரெண்டு பேருதான் பேசிக்கிட்டு இருக்காங்க."