தறிக்குழிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

ஒரு பொருளை வாங்கும்போது அது எவ்வளவு வேகம், எவ்வளவு அழகு என்றெல்லாம் கேட்போம். எவ்வளவு சூடாகும் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டு போட்டால் கேம் இரண்டு மடங்கு வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பினேன். (அது ஓடவில்லை என்பது வேறு கதை.)

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆரணியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள் உண்டு. நெய்பவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. அப்பா நெய்வார், அம்மா ஊடைக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். புடவைக்கு டிசைன் போடப்போகிறேன் என்று சொல்லித்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கவைத்தேன். உண்மையில் பார்டரில் ஓடும் அன்னத்தை வரைய ஒரு கார்டுகூடத் தேவையில்லை.

"ரெண்டு எதுக்குடா?" என்றார் அப்பா.

"ஒண்ணு பார்டருக்கு, ஒண்ணு முந்திக்கு."

அவர் அதை நியாயமான பதிலாக ஏற்றுக்கொண்டார்.

சித்திரை பிறந்ததும் வினை ஆரம்பித்தது. அந்தப் பெட்டியில் இரண்டு கார்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கீழ் கார்டு விடும் அனலை மேல் கார்டு மூச்சாக இழுக்கும். சூடு தொண்ணூறைத் தாண்டும், படம் திக்கும், கடைசியில் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். வீட்டில் பறக்கும் பட்டுப் பிசிறெல்லாம் உள்ளே போய் விசிறியில் சுற்றிக்கொண்டது. டேபிள் ஃபேன் வைக்கலாம் என்றால் எங்கள் வீட்டில் அதற்குத் தடை. காற்று பட்டால் பட்டு காயும், காய்ந்தால் இழை அறும். அக்காவைப் பெண் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வந்தபோதே முன்கூடத்தில் அட்டையால் விசிறிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தவாசலில் இருந்து என்னோடு ஆன்லைனில் விளையாடும் சாதிக் தீர்ப்புச் சொன்னான். "வாட்டர் கூலிங் போட்டுடு மச்சான். இல்லாட்டி ஒரே பேஜாரு."

தண்ணீர்க் குழாய் வைத்துக் கார்டைக் குளிரவைக்கும் ஏற்பாடு அது. கேட்க ஆசைதான். ஆனால் அப்பாவிடம் காரணம் சொல்லப் புடவையில் பாகம் எதுவும் மிச்சமில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டிலேயே குளுமையான இடம் எது? தறிக்குழி. இரண்டாவது தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், நெய்து முடிந்து, புதுப் பாவு இன்னும் வரவில்லை. யாரும் தவறி விழாமல் இருக்கக் குழியைப் பலகையால் மூடியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அக்காவும் தேவிகாபுரத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன நாளில் கம்ப்யூட்டர் பெட்டியைக் குழிக்குள் இறக்கினேன். ஈரம் படாமல் இருக்கச் செங்கல்மேல் நிறுத்தினேன். ஒயர்களைச் சுவர் ஓட்டை வழியாக என் அறைக்கு இழுத்து, திரையையும் கீபோர்டையும் அங்கே வைத்துக்கொண்டேன். அனல் வெளியேறப் பலகையில் ஒரு சாண் இடைவெளியும் விட்டேன். அந்த இடைவெளி அப்பாவின் தறியைப் பார்த்தபடி இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

அப்பாவின் தறியில் ஓடிக்கொண்டிருந்தது அக்காவின் முகூர்த்தப் புடவை. வைகாசியில் கல்யாணம். அப்பா நெய்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்காருவேன் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கடையில் மாற்றுப் புடவை எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாளிலிருந்து இழை அறுந்தது. ஒன்றைக் கட்டினால் அடுத்தது அறுந்தது. அதுவும் வலது பக்கம் மட்டும். அப்பா நெய்த நேரத்தைவிட முடிச்சுப் போட்ட நேரம் அதிகம்.

"இன்னாடா இது, அறுந்துகினே கீது" என்று சாயப்பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். "நூலை வேக வெச்சிட்டீங்களா, இன்னா பண்ணீங்க? என் பொண்ணு கல்யாணங்க இது!" அந்த மனிதர் அந்தப் பக்கத்தில் சாமிமேல் சத்தியம் செய்தார். அம்மாவுக்கு வேறு கருத்து. எதிர்வீட்டு அம்மாள் வந்து புடவையை ரொம்ப நேரம் பார்த்தாளாம். தறியில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின. அவையும் சீக்கிரமே வாடின.

அக்கா மட்டும் உண்மைக்கு அருகில் வந்தாள். "இவன் ரூமுக்குள்ள போனா அறுவுது, வெளிய வந்தா நிக்குது. நீ வேணா பாரும்மா."

எனக்குக் கோபம் வந்தது. "என்னை இன்னா ராசி கெட்டவன்னு சொல்றியா?" என்று கத்திவிட்டு, மன அமைதிக்காக உள்ளே போய்க் கேமைப் போட்டேன். (அன்று மதியம் ஒரேயடியாக நிறைய இழைகள் அறுந்தன.)

அப்பா பாவின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். அப்பளம் மாதிரி காய்ந்திருந்ததாம். கோடையில் கூடம் காய்ந்தால் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். சும்மா கிடக்கும் குழியில் தண்ணீர் ஊற்றினால் கூடம் முழுக்க ஈரம் பரவும். பலகையை எடுக்கும் வேலை எதற்கு, இடைவெளிதான் இருக்கிறதே என்று அதன் வழியாகவே ஒரு குடத்தைச் சாய்த்தார்.

அறையில் நான் திரையின் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு, எண்பத்துமூன்று, எழுபத்தாறு. சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், சூடு இறங்கிக்கொண்டிருந்தது.

"சாதிக்! எறங்குதுடா! செட்டாயிடுச்சு!" என்று ஹெட்போனில் கூவினேன்.

அப்பா இரண்டாவது குடத்தைச் சாய்த்தார்.

டமார் என்று ஒரு சத்தம். திரை கறுத்தது. வீட்டு மெயின் விழுந்தது. நான் கூடத்துக்கு ஓடியபோது அப்பா காலிக் குடத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். குழியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குழிக்குள் எதுவோ குடியிருக்கிறது என்று அம்மா கஷாயம் குடித்த முகத்தோடு சாமியைக் கூப்பிட்டார்.

நான்தான் பலகையை எடுத்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். செங்கல்மேல் பெட்டி, அதற்குள் பாதி தண்ணீர், அதில் பார்டரும் முந்தியும். குனிந்து, இடைவெளி இருந்த பக்கம் கையை நீட்டினார். அனல் இன்னும் அடித்தது. அங்கிருந்து நேராகத் தன் பாவைப் பார்த்தார்.

"இதுவாடா என் பாவை அறுத்துகினு இருந்தது?"

அவர் அடிக்கவில்லை. போனை எடுத்துச் சாயப்பட்டறைக்காரரிடம், "மன்னிச்சிக்கோங்க. நூல்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. நம்ம வூட்லயே ஒண்ணு பொறந்துகீது" என்றார். அம்மா எலுமிச்சையை அவிழ்த்தார்.

அக்கா தறியருகே போய் நெய்த பாகத்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு முழத்துக்கு முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அன்றிலிருந்து புடவை தறியிலிருந்து இறங்கும்வரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத் துணியைப் பிழிந்து போடுவதும் அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலை. புடவை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் இறங்கியது.

கல்யாணத்தன்று புடவை கட்டிவிட வந்த அத்தை, அந்த ஒரு முழத்தைக் கண்டதும் கொசுவத்துக்குள் மறைத்து மடிக்கப் பார்த்தார்.

"அத வெளிய வெய்யி அத்தை," என்றாள் அக்கா. "அதுல எந்தம்பி கீறான்."

கல்யாண ஆல்பத்தில் அந்த ஒரு முழம் நன்றாகவே விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் யாருக்கு ஆல்பத்தைக் காட்டினாலும், அக்கா விரலை அங்கே வைத்து, "இங்கதான் நம்ம சார் கேம் ஆடிகினு இருந்தாரு" என்பாள்.

நான் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். கோடையில் வீட்டுக்குப் போன் செய்து, இங்கே வெயில் தாங்கவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். அப்பாவின் பதில் இத்தனை வருடங்களில் ஒரு சொல்கூட மாறவில்லை.

"பஸ் ஏறி வாடா. குழில எறக்கி ரெண்டு கொடம் ஊத்தறேன்."